வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா

பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்டவுடன் காலரா, க்ஷயம் முதலிய கொடிய நோய்களே பலருக்கும் நினைவு வருகின்றன. நோய் விளைவிக்கும் பாக்டீரியா அவ்வினத்தில் மிகச் சிறு பகுதியே. எஞ்சியவை மண்ணிலும் நீரிலும் தத்தம் தொழிலைச் செய்து வருகின்றன. அவற்றுள் நமது விவசாயத்துக்குப் பேருதவி புரிவது ரைசோபியம் என்னும் வகை. மத்திய இந்தியாவின் கொண்டைக்கடலை, குஜராத்தின் நிலக்கடலை, மகாராஷ்டிரத்தின் துவரை ஆகிய பயிர்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பகுதியை இதன் துணையாலேயே பெறுகின்றன. கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

காற்றில் இருந்தும் பயனில்லை

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். புரதம் உண்டாவதற்கு நைட்ரஜன் இன்றியமையாதது. எனினும், காற்றிலுள்ள நைட்ரஜனை எந்தச் செடியும் நேராக எடுத்துக்கொள்ள இயலாது. அவ்வாயுவின் இரு அணுக்களும் மிக உறுதியாகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். உரத் தொழிற்சாலைகளில் இப்பிணைப்பை அவிழ்ப்பதற்கு 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. இதே காரியத்தை ரைசோபியம் சாதாரண மண்ணின் வெப்பநிலையில், ஓசையின்றிச் செய்து முடிக்கிறது.

பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பது உழவர்கள் தொன்றுதொட்டு அறிந்த உண்மை. இதன் காரணத்தை விளக்கியவர்கள் ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் ஆவர். நைட்ரஜன் அற்ற மணலில் அவர்கள் ஓட்ஸ் தானியத்தையும் பட்டாணியையும் வளர்த்தனர். மணலைச் சூடாக்கி அதிலுள்ள நுண்ணுயிர்களை அழித்தபோது இரண்டும் நலிந்தன. வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் பட்டாணியின் வேரில் முடிச்சுகள் தோன்றிச் செடி செழித்தது. ஓட்ஸ் நலிந்தபடியே இருந்தது. இம்முடிவு 1886-இல் அறிவிக்கப்பட்டது. 1888-இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் முடிச்சிலிருந்து அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

செடியும் பாக்டீரியாவும்

இந்தப் பாக்டீரியா கோல் வடிவானது. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 500 அடங்கும். பயறுச் செடியின் வேர் சில இரசாயனப் பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அதனை உணர்ந்த பாக்டீரியா தானும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அதனால் வேர்த்தூவியின் நுனி சுருண்டு பாக்டீரியாவை வளைத்துக்கொள்ள, அது நுண்ணிய இழை ஒன்றின் வழியே வேரின் உட்புறம் சென்று பெருகுகிறது. அவ்விடத்தில் வேர் பருத்து முடிச்சாகிறது.

முடிச்சினுள் நடைபெறுவது நேர்மையான பண்டமாற்று. செடி, தான் இலையில் தயாரித்த உணவில் ஒரு பங்கைப் பாக்டீரியாவுக்கு அளிக்கிறது. பாக்டீரியா நைட்ரஜனை அமோனியாவாக மாற்றிச் செடிக்கு அளிக்கிறது. இவ்வேலையைச் செய்யும் நொதிப்பொருள் ஆக்ஸிஜன் மிகுந்தால் கெட்டுவிடும்; ஆனால் பாக்டீரியா சுவாசிப்பதற்கோ ஆக்ஸிஜன் வேண்டும். இச்சிக்கலைத் தீர்ப்பது முடிச்சிலுள்ள செந்நிறப் பொருள். நமது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான அது, ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு அளவறிந்து வழங்குகிறது. ஆகவே, முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கு வேலை நடைபெறுகிறது என அறியலாம். வெண்மையாக இருந்தால் அது முற்றாத முடிச்சாகவோ, பயன் தராத முடிச்சாகவோ இருக்கலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் பணி முடிந்துவிட்டது.

வயலில் கவனிக்க வேண்டியவை

விதைத்த 30 முதல் 45 நாட்களுக்குள் செடியைப் பரிசோதித்தல் தகும். செடியைக் கையால் பிடுங்கினால் முடிச்சுகள் உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் வேரோடு பெயர்த்து, நீரில் மெல்ல அலசிப் பார்க்க வேண்டும்.

நூற்புழு தாக்கிய வேரிலும் முடிச்சுகள் காணப்படும். இரண்டையும் ஒன்றெனக் கருதுவோமானால் நோயுற்ற பயிரை நலமான பயிர் என்று உழவரிடம் கூறிவிடுவோம். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் எளிதில் கழன்றுவிடும். நூற்புழுவால் வேரே வீங்கிவிடுவதால் அவ்வீக்கத்தை வேரை அறுக்காமல் அகற்ற முடியாது.

பயிருக்கேற்ற பாக்டீரியா வேறு வேறு. நிலக்கடலைக்கு ஏற்றது கொண்டைக்கடலைக்கு உதவாது. ஒரு பயிர் புதிதாக அறிமுகமாகும் நிலத்தில் அதற்குரிய பாக்டீரியா இல்லாதிருத்தல் கூடும். சோயா மொச்சையை முதன்முதலாகப் பயிரிடும் நிலங்களில் விதையுடன் பாக்டீரியாவைச் சேர்ப்பது வலியுறுத்தப்படுவது இதனாலேயே. மாறாக, உரிய பாக்டீரியா ஏற்கெனவே நிறைந்துள்ள நிலத்தில் இதனால் கிடைக்கும் விளைச்சல் மிகுதி சொற்பமாகவே இருக்கலாம். ஆகவே, எல்லா நிலத்துக்கும் ஒரே பலனை வாக்களித்தல் முறையன்று. யூரியாவை மிகுதியாக இட்டால் செடி முடிச்சுகளை வளர்ப்பதில்லை என்பதையும் உழவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

பொட்டலத்தில் இருப்பது உயிர்

1983-இல் மத்திய அரசு உயிர் உரங்களுக்கென ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ரைசோபியம் பெரும்பாலும் நிலக்கரித்தூள் போன்ற பொருளில் கலந்து பொட்டலமாகவும், திரவமாகவும் விற்பனைக்கு வருகிறது. தூளாயின் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருத்தல் வேண்டும் என உரக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன.

யூரியா மூட்டை வெயிலில் கிடந்தாலும் யூரியாவாகவே இருக்கும். ரைசோபியம் பொட்டலமோ தகரக் கூரையின் கீழ்ச் சில நாட்கள் வெந்துகிடந்தால் வெறும் கரித்தூளாகிவிடும். நிறமும் எடையும் மாறுவதில்லை. பார்வைக்கு யாதொரு வேறுபாடும் தெரியாது. அதனை வாங்கிய உழவர் பொருளையும் ஒரு பருவத்தையும் இழப்பார். அதைக் காட்டிலும் பெரிய இழப்பு, அந்த ஊரார் இனி இம்முறையையே நம்பமாட்டார்கள் என்பதாம். பொட்டலங்களை நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்தலும், பயிரின் பெயரையும் காலாவதி நாளையும் படித்துப் பார்த்தலும் சிறு காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் பலன் முழுவதும் அவற்றையே சார்ந்திருக்கிறது.

விதையில் கலப்பதற்கு அரிசிக் கஞ்சியைப் பயன்படுத்தலாம். கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான கஞ்சி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நிலக்கடலையின் தோல் எளிதில் உரியுமாதலால் மெல்லக் கலக்க வேண்டும். கலந்த விதையை நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுதல் வேண்டும். விதைக்குப் பூஞ்சாண மருந்து இடுவதாயின் அதனை ஒரு நாள் முன்னதாகவே இட்டுவிட்டு, பாக்டீரியாவைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஹெல்ரீகலின் சோதனையை எந்தக் கிராமப் பள்ளியிலும் செய்து காட்டலாம். ஆற்று மணலை நன்கு கழுவி, ஒரு மணி நேரம் நீரில் கொதிக்கவைத்து, சுடுநீரில் கழுவிய மூன்று தொட்டிகளில் நிரப்புக. முதல் இரண்டில் காராமணியும் மூன்றாவதில் சோளமும் விதைக்க. காராமணி விளைந்த நிலத்தின் மண்ணை நீரில் கலக்கித் தெளியவைத்து, அத்தெளிவை முதல் தொட்டியிலும் மூன்றாவதிலும் ஊற்றுக. இரண்டாவதில் அதே தெளிவைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுக. பிறகு மூன்றுக்கும் காய்ச்சி ஆறிய நீரையே பாய்ச்சி, வாரம் ஒருமுறை விறகுச் சாம்பல் ஊறிய நீரைச் சிறிதளவு சேர்க்க. சாம்பலில் மற்றச் சத்துக்கள் உள்ளன, நைட்ரஜன் இல்லை. ஒரு தொட்டியின் நீர் மற்றொன்றில் தெறிக்காதவாறு அவற்றைத் தள்ளி வைத்தல் அவசியம்.

முதலிரண்டு வாரங்கள் விதையிலுள்ள உணவால் மூன்று தொட்டிகளும் ஒத்து வளரக் காணலாம். ஐந்தாறு வாரங்களில், சோதனை முறையாக நடந்திருப்பின், முதல் தொட்டியின் காராமணி பச்சையாக நிற்க, இரண்டாவது வெளுத்து நிற்கும். சோளமோ அதே மண்நீரைப் பெற்றும் பயனடைந்திராது. வேர்களை அலசிப் பார்த்துக் காரணத்தை மாணவர்களே கூறட்டும். நுண்பெருக்கி இல்லாத பள்ளியிலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் செயலை இலையின் நிறத்தில் அவர்கள் கண்டுகொள்வார்கள்.

இறுதியாக ஒன்று. தானியத்தோடு செடி முழுவதையும் வேருடன் பிடுங்கிச் சென்றால் சேர்ந்த நைட்ரஜனும் அதனுடன் போய்விடும். வேரையும் தழையையும் நிலத்திலேயே மடக்கி உழுதால்தான் அடுத்த பயிருக்கு அதன் பங்கு கிடைக்கும். அறுவடைக் காலத்தில் இச்செய்தியை உழவர்களுக்கு நினைவூட்டுதல் களப்பணியாளர்களின் கடமையாகும்.