செஞ்சரளையும் அதன் பரிசோதனையும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் சாலைக்கென வெட்டிக் குவிக்கப்படும் சரளை பெரும்பாலும் சிவப்பாகவே காணப்படும். ஆனால் நிறத்தைக் கொண்டு தன்மையைத் தீர்மானித்தல் தவறு. கருங்கல்லினப் பாறை சிதைந்து உண்டான சரளையில் கூர்மையான வெண்கல் துணுக்குகள் இருக்கும். இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைப்பது அதுவே. செம்புரைச் சரளை வேறு வகையைச் சேர்ந்தது. நெடுங்கால மழை பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துச் சென்றபின், எஞ்சிய இரும்பும் அலுமினியமும் திரண்டு உண்டான உருண்டைகள் அதிற் கலந்திருக்கும்.

மலபாரில் அங்காடிப்புரத்தில் தாம் கண்ட இத்தகைய கல்லுக்கு, 1807-ல் வெளிவந்த தமது நூலில் பிரான்சிஸ் புக்கானன் 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வெட்டும்போது மிருதுவாயிருந்து, காற்றில் உலர்ந்தால் இறுகுவது இக்கல்லின் இயல்பு. வீடு கட்டுவோருக்கு நன்மை தரும் இவ்வியல்பே பரிசோதகரை ஏமாற்றவும் செய்கிறது.

சாலையின் அடித்தளச் சரளையில் களிமண் மிகலாகாது; மிகுந்தால் நீரை உறிஞ்சிக் குழைந்துவிடும். இதை அறிய, 425 மைக்ரான் சல்லடையில் இறங்கிய பொடியை நீர்விட்டுப் பிசைந்து பித்தளைக் கிண்ணத்திலிட்டு, நடுவே பள்ளம் கீறித் தட்டுவார்கள். 25 தட்டில் பள்ளம் கூடுவதற்கு வேண்டிய நீரின் சதவிகிதம் நீர்ம எல்லையாகும். 3 மில்லிமீட்டர் பருமனுள்ள திரியாக உருட்டும்போது பொடி விரிசலுறத் தொடங்கும் நிலையிலுள்ள நீரின் சதவிகிதம் குழைம எல்லை. இரண்டிற்கும் உள்ள வித்தியாசமே குழைமக் குறியெண். நெடுஞ்சாலை அடித்தளத்திற்கு நீர்ம எல்லை 25-க்கும், குறியெண் 6-க்கும் மேற்படலாகாது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மாதிரியை முதலில் அடுப்பில் உலர்த்திவிட்டால், இரும்புச் சத்து நுண்துகள்களை ஒட்டவைத்து மணல்போல் ஆக்கிவிடும்; குறியெண் குறைந்து, தகாத சரளையும் தகுந்ததாகத் தோன்றும். ஆகையால் மாதிரியை நிழலில், காற்றில் மட்டுமே உலர்த்துக. பிசையும் நேரத்தையும் எல்லா மாதிரிக்கும் ஒன்றாக வைத்துக்கொள்க. மிகப் பிசைந்தால் ஒட்டிய துகள்கள் பிரிந்து எண் உயரும். நீரின் அளவை நிர்ணயிக்கப் பின்னர் அடுப்பைப் பயன்படுத்துவதில் தடையில்லை.

மற்றொன்று, உருளையின் அழுத்தத்தில் மெல்லிய உருண்டைகள் நொறுங்கிப் பொடி பெருகுவது. எனவே, கெட்டித்த மாதிரியை மீண்டும் நீரிற் கழுவிச் சலித்துப் பார்த்தல் நலம். நேரமில்லை என்று இதை விட்டுவிடுவோர் பலர்.

திருப்பதியில் 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சாலைகள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நிலைக்கும் சரளை ஈடுகொடுக்க வேண்டுமாதலால், கெட்டித்த மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைத்த பின்னரே கலிபோர்னியா தாங்குவிகிதம் காணப்படுகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலக்கை 2.5 மில்லிமீட்டர் இறங்குவதற்கு 1,370 கிலோகிராம் சுமை வேண்டுமாயின், விகிதம் 100 ஆகும். 411 கிலோகிராமே போதுமாயின், 30 ஆகும்.

கருவிகள் இல்லாத பள்ளியிலும் ஆசிரியர் ஒன்று செய்து காட்டலாம். ஒரே செம்புரைச் சரளையின் பொடியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நிழலிலும் மற்றொன்றை இரும்புச் சட்டியில் சூடேற்றியும் உலர்த்தி, இரண்டையும் நீர்விட்டுப் பிசைந்து திரி உருட்டச் சொல்லுக. எது முந்தி உதிர்கிறதென்று மாணவர்களே கூறுவர்.