அக்காலத்தில் அரசரானது எப்படி?

பழங்காலத்தில் அரசராவதற்குப் பெரும்பாலும் அரசரின் மகனாகப் பிறந்தாலே போதும். மூத்த மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, தந்தை இருக்கும்போதே ஆட்சியில் பழக்குவார்கள். முதலாம் இராசராச சோழன் 1012-இல் தன் மகன் இராசேந்திரனை இப்படித்தான் ஆட்சியில் சேர்த்துக்கொண்டான். போரில் வென்று நாட்டைப் பிடித்து அரசரானவர்களும் உண்டு.

அரசர் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டால்? காஞ்சிபுரத்தில் இது உண்மையிலேயே நடந்தது. ஏறத்தாழ 731-இல் பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். அரியணைக்கு உரியவர் யாரும் இல்லை. அரசன் இல்லாத நாட்டை எதிரிகள் எளிதில் பிடித்துவிடுவார்கள். ஆகவே அமைச்சர்களும், கடிகை எனப்பட்ட உயர்கல்விக் கழகத்தாரும், மக்களில் முக்கியமானவர்களும் பல்லவர் குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்றனர். இந்தக் கிளை சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழி வந்தது.

இரணியவர்மனுக்கு நான்கு மகன்கள். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது மூத்தவர்கள் மூவரும் மறுத்துவிட்டனர். கடைசி மகன் பல்லவமல்லன் முன்வந்தான். அவனுக்கு வயது 12 தான்! இன்றைக்கு என்றால் ஏழாம் வகுப்பு மாணவன். இவ்வளவு சிறியவனை எப்படி அனுப்புவது என்று தந்தை முதலில் தயங்கினான், பிறகு சம்மதித்தான். சிறுவன் மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து காஞ்சிக்கு வந்தான். அங்கே நந்திவர்மன் என்ற பெயருடன் முடிசூட்டப்பட்டான்.

முடி சூட்டியதோடு சிக்கல் தீரவில்லை. சித்திரமாயன் என்ற பல்லவ இளவரசன் தனக்கே அரசு உரியது என்றான். பாண்டியர் அவன் பக்கம் நின்றனர். நந்திபுரத்தில் நந்திவர்மன் முற்றுகையில் சிக்கியபோது, படைத்தலைவன் உதயசந்திரன் வந்து மீட்டான். சித்திரமாயன் கொல்லப்பட்டான்.

வங்காளத்திலும் ஏறத்தாழ 750-இல் இதே போன்ற தேர்வு நடந்தது. வலியவர் எளியவரை நசுக்கும் நிலை அங்கே நீடித்தது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதோடு ஒப்பிட்டு அதை 'மச்ச நியாயம்' என்றனர். அதை ஒழிக்க மக்கள் கோபாலனை அரசனாக்கினர் என்று அவன் மகன் தருமபாலனின் காலிம்பூர்ச் செப்பேடு கூறுகிறது. அந்த 'மக்கள்' பெரும்பாலும் உள்ளூர்த் தலைவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

நந்திவர்மன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டான். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச் சுவர்களில் அவன் அரசனான கதை சிற்பங்களாக உள்ளது. சிலவற்றின் அருகே விளக்கக் கல்வெட்டும் உண்டு. அந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. ஆகவே அங்கே நாம் பார்ப்பது, தன்னைப் பற்றி அவன் சொல்ல விரும்பிய கதை.