மனை வாங்குமுன் ஊரை அறிக

சென்னையிலிருந்து பெங்களூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் அமைந்த ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த திவ்ய க்ஷேத்திரம் என்று பல நூற்றாண்டுகளாக வைஷ்ணவ உலகத்தால் போற்றப்பட்டு வந்தது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி அங்கே வெடிகுண்டுக்குப் பலியானபோது தேசம் முழுவதும் அதன் பெயரைத் துக்கத்தோடு உச்சரித்தது. இன்றோ வேலை தேடும் இளைஞர்களும், சேமித்த பணத்தை எதில் போடலாம் என்று யோசிக்கும் குடும்பஸ்தர்களும் அதே பெயரை வேறொரு நம்பிக்கையுடன் சொல்லுகிறார்கள். அவ்வூரிலிருந்து தெற்கே ஒரகடம் வரையிலும் மேற்கே சுங்குவார்சத்திரம் வரையிலும் பரந்து கிடக்கும் ஆலைப் பிரதேசத்தை ஒட்டிய கிராமங்களில் குடியேறுவதும் மனை வாங்குவதும் எத்தகைய காரியம் என்பதை, விளம்பரப் பலகைகளின் வாக்கை மட்டும் நம்பாமல், சற்று நிதானமாக விசாரித்துப் பார்ப்பது நல்லது.

இந்த மாறுதல் ஒரே நாளில் வந்ததன்று. 1971-இல் தோன்றிய சிப்காட் என்னும் அரசு ஸ்தாபனம், தொண்ணூறுகளில் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்பூங்கா அமைக்க, அங்கே 1996-இல் காலூன்றிய ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் தன் முதல் கார்களை வெளியிட்டது. 2006-இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை வந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் கூடுகிற சாதாரணச் சந்திப்பாக இருந்த ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. சுங்குவார்சத்திரத்தின் பக்கம் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கின்றன. ஒரு தலைமுறைக் காலத்திற்குள், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் பூமியாயிற்று.

பெரும் அபிவிருத்தி ஓர் ஊரின் எல்லைக்கு வரும்போது முதலில் விலை ஏறுவது நிலமே. இந்தோனேசியா தன் தலைநகரைக் கிழக்குக் கலிமந்தானுக்கு மாற்றப்போவதாக 2019-இல் அறிவித்ததும், செபாகு என்ற அதுவரை யாரும் கேள்விப்படாத கிராமப் பகுதியில் வெளியூரார் வந்து நிலம் தேடியதும், அங்கே விலை உயர்ந்ததும் இதே நியதியின்படிதான். ஒரகடத்தைச் சுற்றியும் நஞ்சையும் புஞ்சையும் கிரவுண்டுக் கணக்கில் துண்டுபட்டன. கல் நட்டு, நுழைவாயில் கட்டி, கொடி ஏற்றிய லே-அவுட்டுகள் தோன்றின. ஏக்கரில் அளந்து பழகிய குடியானவர் 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்டாக எண்ணி விற்கக் கற்றுக்கொண்டார்.

இவ்விடத்தில் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அறியாமல் முதலீட்டைப் பற்றிப் பேசுவது முறையாகாது. விடியற்காலையிலும், பிற்பகலிலும், நள்ளிரவை ஒட்டியும் ஷிப்ட் மாறும் நேரங்களில் கம்பெனி பஸ்கள் வரிசையாகச் செல்லும் சாலைகளின் ஓரத்தில், நிலத்தின் ஒரு பகுதியை இழந்தோ விற்றோ கிடைத்த பணத்தில் உள்ளூரார் கட்டிய லைன் வீடுகளில், தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அறைக்குப் பலராகத் தங்குகிறார்கள். வயலில் கண்ட வருமானத்தைவிட இந்த வாடகை நிரந்தரமாக வருகிறது என்பதால், நிலத்தை முழுவதும் விற்றுவிடாமல் வீட்டு மனையளவேனும் வைத்துக்கொண்ட குடும்பங்களே பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. ஆனால் ஜனங்கள் பெருகிய வேகத்தில் குடிநீரும் கழிவுநீர் வசதியும் பெருகவில்லை. 2021 டிசம்பரில், விடுதி உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதைத் தொடர்ந்து, அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்த பிறகுதான் அவர்கள் உறங்கும் இடத்தையும் உண்ணும் உணவையும் பற்றி நாடு கவலைப்பட்டது. 18,720 பெண்கள் தங்கத்தக்க பெரும் குடியிருப்பு வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்க நற்செய்கை. அதே சமயம், வாடகையை மட்டும் நம்பி வங்கிக் கடனில் மாடிமேல் மாடி கட்டுவோர் யோசிக்க வேண்டிய செய்தியும் ஆகும்.

மனை வாங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஆலையின் ஆயுள். ஆலை சாஸ்வதம் என்று எண்ணுவது தவறு என்பதற்கு நோக்கியாவே சாட்சி. உச்சகட்டத்தில் பல ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்த அந்த ஆலை, வரித் தகராற்றில் சிக்கி, தாய் நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது அதில் சேராமல் தனித்து விடப்பட்டு, 2014 நவம்பரில் மூடப்பட்டது. அருகிலுள்ள மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்தது. ஓர் ஆலை மூடினால் வேலை இழப்பவர் அதன் தொழிலாளர் மட்டுமல்லர்; மெஸ் நடத்துபவரும், வேன் ஓட்டுபவரும், அறை வாடகைக்கு விட்டவரும் கூடவே வருமானம் இழக்கிறார்கள். ஆகையால் ஒரே கம்பெனியின் வாசலை நம்பி வாங்கிய மனையைக் காட்டிலும், பல தொழில்களுக்கும் பொதுவான சாலையையும், பள்ளி, ஆஸ்பத்திரி, கடைவீதி உள்ள பழைய ஊரையும் ஒட்டிய மனை பத்திரமானது.

இரண்டாவது விஷயம் தண்ணீர். பழைய செங்கல்பட்டு ஜில்லா ஏரிகளின் ஜில்லா. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு வரத்தாகும்படி நம் முன்னோர் அமைத்த சங்கிலியில், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை அடைந்து, அங்கிருந்து அடையாற்றில் சேருகிறது. கால்வாயை மூடி மனை போட்டவனுக்குக் கோடையில் அது வெறும் பள்ளம். கார்த்திகை மழையில் அதுவே ஆற்றின் பாதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரைகளில் நேர்ந்த துன்பத்தை மறவாத எவரும், மனை பார்க்க மழைக்காலத்தில் ஒரு முறையாவது செல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஆலைகளும் லைன் வீடுகளும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பும் பிரதேசத்தில், கோடையில் அவ்வூர் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறதா என்பதையும் அங்கேயே குடியிருப்பவர்களிடம் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது விஷயம் உரிமை. பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்றது என்று சொல்லி விற்கப்பட்ட மனைகள் ஏராளம்; நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியோ, பெருநகர் எல்லைக்குட்பட்ட இடமாயின் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதியோ இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவை முறையாக்காது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் விற்கவும் முடியாமல், வீடு கட்டவும் முடியாமல் திகைத்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதி செய்த பின்னரே அவர்களுக்கு வழி பிறந்தது. இன்று 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவற்றோடு தாய்ப்பத்திரத் தொடர்ச்சி, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு, சர்வேயரைக் கொண்டு எல்லைக்கல்லையும் அளந்து பார்ப்பதே விவேகம்.

வாங்கவே கூடாத நிலங்களும் உண்டு. ஏரி நீர்பிடிப்பு, வண்டிப்பாதை, மேய்க்கால் என்னும் புறம்போக்குகளும், கோயில் சொத்துக்களும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குபவருக்குச் சொந்தமாகா. பஞ்சமி நிலத்தின் வரலாறே இந்த ஜில்லாவில் தொடங்கியது. செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைக் குறித்து 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்த நிலம் பிறருடைய கைக்கு மாறக் கூடாது என்ற நிபந்தனை இன்றும் உயிருள்ளது. அதைத் தெரிந்தும் வாங்குவது சட்டத்திற்கு விரோதம் என்பதோடு, ஏழைகளின் ஜீவனத்தைப் பறிக்கும் அநியாயமும் ஆகும்.

எல்லாம் சரியாக அமைந்த நிலத்தையும் பொதுக் காரியத்திற்காக அரசு எடுத்துக்கொள்ளலாம். 2022 ஆகஸ்டில் புதிய விமான நிலையத்திற்குப் பரந்தூர் தேர்வானபோது அதைச் சுற்றிய நிலத்தில் லாபம் தேடிப் பலர் விரைந்தார்கள். அதே அறிவிப்பைக் கேட்ட ஏகனாபுரத்து மக்களோ, வீட்டையும் வயலையும் ஏரியையும் இழக்கச் சம்மதியாமல் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றிப் போராடி வந்தார்கள். ஒரே செய்தி ஒருவருக்கு யோகமாகவும் மற்றொருவருக்கு வாழ்வின் முடிவாகவும் தோன்றுவதை உணராமல் அபிவிருத்தியைப் பற்றி நாம் நியாயமாகப் பேச முடியாது.

இத்தனையையும் சீர்தூக்கிப் பார்த்தால் என் முடிவு இதுதான்: இப்பிரதேசத்தில் நிலம் வாங்குவது தவறன்று, ஆனால் குடியிருக்கத் தகுதியில்லாத இடத்தை விலை ஏறும் என்ற ஆசைக்காக மட்டும் வாங்குவது தவறு. நல்ல நீரும், தீராத வழக்கில்லாத உரிமையும், அண்டை வீட்டாரும் உள்ள இடத்தில் வாங்கினால், விலை ஏறாவிட்டாலும் வாழ்வதற்கு ஒரு வீடு மிஞ்சும். அங்கே குடியேறுகிறவர்கள் தங்கள் பெயரை அவ்வூர் வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைக்குத் தவறாமல் சென்று, ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வாரவும், குப்பைக்கும் கழிவுநீருக்கும் வழி செய்யவும், வாடகை அறைகளில் வாழும் தொழிலாளர்களுக்குக் குடிநீர் கிடைக்கவும் உள்ளூராருடன் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். ஊர் செழித்தால்தான் மனைக்கு மதிப்பு நிலைக்கும். ஆகவே பணத்தோடு கூட உங்கள் அக்கறையையும் அந்தக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லுங்கள்.