'ஃபாப் ஆஃப்' என்றால் என்ன?

ஓர் உறுப்பினர் தன் மகளின் புத்தகத்தில் பார்த்து எங்களிடம் கேட்ட சொல் இது.

கடன் மனுவோடு போனால், "மேனேஜர் லீவும்மா, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அடுத்த வாரம் வேறு சாக்கு. இப்படி ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்புவதைத்தான் இங்கிலாந்தில் பேச்சுவழக்கில் 'ஃபாப் ஆஃப்' என்கிறார்கள். சொத்தைக் கத்தரிக்காயை நம் தலையில் கட்டினாலும் அதே வார்த்தைதான்! ஆபீசர் முன்னால் சொல்லிடாதீங்க, கொஞ்சம் குத்தலான பேச்சு.

நாம் கேட்க வேண்டியது ஒப்புகைச் சீட்டு. எந்தக் கடன் மனு வாங்கினாலும் ஒப்புகை, 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனை மறுத்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று 2003-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. 2007-இல் எழுத்தில் காரணம் தருவதை எல்லாக் கடனுக்கும் ஆக்கியது. மனு நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி, தீர்மான நோட்டோடு வைத்துக்கொள்வோம்.