இரயில் சீராக ஓட எத்தகைய கணினி வேண்டும்?

பேராக் மாநிலத்தின் கோலா செப்பெத்தாங் நகரில் பழைய பெயர்ப்பலகை ஒன்று நிற்கிறது. 'போர்ட் வெல்ட்' என்னும் பழைய பெயரைத் தாங்கிய அப்பலகையில் தமிழ் எழுத்தும் உண்டு. தைப்பிங்கிலிருந்து ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்ட மலாயாவின் முதல் இரயில் பாதை இங்குதான் முடிந்தது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை இன்று இல்லை. பலகை எஞ்சியுள்ளது. மலாயாவின் இரயில் பாதைகளை அமைக்கவும் பராமரிக்கவும் உழைத்தவர்களுள் தமிழர் பலர். அவர்களுடைய பெயரர் தலைமுறை அப்பாதையைக் கணினித் திரையில் மீண்டும் அமைத்து, அதில் வண்டி ஓட்டிப் பார்க்க இயலும். அதற்கு உதவுவதே சிமுலேட்டர் எனப்படும் இரயில் பாவனை மென்பொருள்.

இம்முயற்சியில் இறங்கும் ஆசிரியர் முதலில் கேட்கும் வினா, "எந்தக் கணினியை வாங்குவது?" என்பதாகும். பள்ளியிடமோ பெற்றோரிடமோ உள்ள பணம் சிறிது. அதைத் தவறான உறுப்பில் செலவிட்டால், விலையுயர்ந்த கணினியிலும் வண்டி விக்கி விக்கியே ஓடும். ஆகவே, இவ்வினாவுக்கு விளம்பரத்தை நம்பி விடை காணாமல், கணினி இயங்கும் முறையை அறிந்து விடை காண்போம்.

திரையில் நாம் காணும் ஓட்டம் உண்மையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்களே. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, 30 படங்கள் போதுமெனில் 33.3 மில்லிநொடி. சராசரி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு படம் அரை நொடி தாமதித்தாலும் கண் அதைக் கண்டுகொள்ளும். 2010 முதல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடும் மின்சார இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது. அவ்வேகத்தில் வண்டி நொடிக்கு 39 மீட்டர் கடக்கிறது. திரை அரை நொடி உறைந்தால், ஓட்டுபவர் 19 மீட்டரைக் காணாமலே கடந்துவிடுகிறார். தடை போடவேண்டிய இடமும் தவறிப்போகும்.

இத்தாமதம் எங்கே பிறக்கிறது? தோட்ட வாழ்வை அறிந்தோர்க்கு இதை எளிதில் விளக்கலாம். பால்மரம் வெட்டிய தொழிலாளர் ஐம்பது பேர் பால் வாளிகளுடன் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். நிறுத்துக் கணக்கெழுதுபவரோ ஒரே ஒரு கிராணி. தொழிலாளர் எவ்வளவு விரைந்து வந்தாலும் வரிசை கிராணியின் வேகத்திலேயே நகரும். கணினியிலும் மிக மெதுவான உறுப்பே முழு ஓட்டத்தின் வேகத்தை முடிவு செய்கிறது.

இரயில் பாவனையில் பெரும்பாலும் அந்தக் கிராணியாக இருப்பது மையச் செயலி. ஒவ்வொரு பெட்டியின் இழுவிசை, இணைப்பின் இறுக்கம், தடைக்குழாயின் காற்றழுத்தம், எதிரே வரும் வண்டிகள், சமிக்ஞைகள் ஆகிய அனைத்தையும் கணக்கிடுவது அதுவே. ஒரு பெட்டியின் அசைவு அதற்கு முன்னுள்ள பெட்டியைச் சார்ந்தது. ஆதலால், இக்கணக்குகளைப் பல கருக்களுக்குப் பகிர்ந்தளிப்பது கடினம். பதினாறு கருக்கள் கொண்ட மெதுவான செயலியைவிட ஆறே கருக்கள் கொண்டு ஒவ்வொன்றும் விரைந்து இயங்கும் செயலியே இங்கு நன்மை தரும்.

வரைகலை அட்டையின் பணி வேறு. மரம், நிழல், மழை, தண்டவாளத்தின் பளபளப்பு ஆகியவற்றை அது புள்ளி புள்ளியாக வரைகிறது. 1920க்கு 1080 என்னும் திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் 83 லட்சம். திரையை மாற்றினால் அட்டையின் சுமை நான்கு மடங்காகும். எனவே, சாதாரணத் திரையே வைத்திருப்பவர் உயர்விலை அட்டை வாங்கத் தேவையில்லை.

நினைவகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய 32 பிட் மென்பொருள்களால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்த இயலாது. புகழ்பெற்ற 'டிரெயின் சிமுலேட்டர்' 2018இல்தான் 64 பிட் வடிவம் பெற்றது. இன்று 16 ஜிகாபைட் இருப்பது நலம். வண்டி முன்னேற முன்னேறப் புதிய நிலக்காட்சி சேமிப்பகத்திலிருந்து வரவேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு கோப்பையும் தேடிப் பிடிக்கச் சில மில்லிநொடிகள் எடுக்கும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் மிகச் சிறு பகுதியே போதும். நிலையத்தை நெருங்கும்போது மட்டும் வண்டி விக்குமாயின், முதலில் ஐயுறவேண்டியது சேமிப்பகத்தையே.

பணம் செலவிடுமுன் மாணவரைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். ஒரே பாதையில், ஒரே வண்டியை, ஒரே வானிலையில் இருமுறை ஓட்டுக. இரண்டாம் முறை திரைத் தெளிவை மட்டும் பாதியாகக் குறைக்குக. படங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் தடை வரைகலை அட்டையில் உள்ளது; உயராவிட்டால் பெரும்பாலும் மையச் செயலியில் உள்ளது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்கும் அறிவியல் முறையை மாணவர் இவ்வழியே கற்கின்றனர்.

நம் வட்டார வானிலையையும் மறத்தலாகாது. அளவுக்கு மீறிச் சூடேறும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் விக்கும் கணினிக்குப் புதிய அட்டையைவிடத் தூசு நீக்கிய விசிறியே மருந்தாகலாம். கிந்தா பள்ளத்தாக்கின் மாலை இடியிலிருந்து காக்க மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும்.

பணம் குறைவாக உள்ளவர் முதலில் எஸ்.எஸ்.டி., அடுத்து நினைவகம், பின்னர் செயலி, இறுதியாக வரைகலை அட்டை என்னும் வரிசையில் செல்லலாம். அதுவும் இயலாதபோது 'ஓப்பன் ரெயில்ஸ்' என்னும் கட்டற்ற மென்பொருள் உள்ளது. மைக்ரோசாஃப்ட் 2001இல் வெளியிட்ட இரயில் பாவனைக்கான பாதைகள் இதில் இயங்கும். எளிய கணினியும் இதற்குப் போதும். பதின்மூன்று கிலோமீட்டர் பாதையில் ஒரு சிறு நீராவி வண்டியை ஓட்டப் பெருஞ்செல்வம் தேவையில்லை. கோலா செப்பெத்தாங் பலகையிலுள்ள தமிழ் எழுத்துகளை நோக்கி அவ்வண்டியை விக்காமல் கொண்டுவந்து நிறுத்தும் மாணவர், கணினியை மட்டுமன்றித் தம் முன்னோர் உழைத்த பாதையையும் அறிந்தவராவார்.