ஐந்து பாலம் தாண்டும் கவசக் கார்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். சாலைக்கு இரு பக்கமும் வயல். ஐப்பசி மழையில் சாலையை விட்டு இறங்கும் லாரி அச்சு வரை புதைந்துவிடும். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு படை வேகமாக முன்னேற வேண்டுமானால், பாலம் தாங்குகிற எடையில் அதற்கு வண்டி வேண்டும். இரண்டாம் உலகப் போரின் கவசக் கார் ஏன் அப்படி அமைந்தது என்பதை நம் ஊர்ச் சாலையில் நின்று யோசித்தால் எளிதில் பிடிபடும்.

டேங்க் இரும்புப் பட்டைகளின் மேல் ஊர்ந்து போவது. எடை அகலமாகப் பரவுவதால் இளகிய மண்ணிலும் அது எளிதில் அமுங்காது. சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுவதும் ஏறக்குறைய இதற்காகத்தான். அந்தக் கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஏறினால் சாலை என்ன கதியாகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேங்கின் கதையும் அதேதான். சாலை பெயரும், பட்டை தேயும், எரிபொருள் கரையும். பர்மாவில் ஓடிய ஷெர்மன் டேங்க் 30 டன் எடை. அதே போரில் ஓடிய டெய்ம்லர் கவசக் கார் ஏழரை டன்தான். சுமை லாரி போகும் பாலத்தில் அதுவும் போகும். நல்ல சாலை கிடைத்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும்.

எடையைக் குறைத்தால் இரும்பும் குறையும். டெய்ம்லரின் கவசம் மிகத் தடிமனான இடத்திலேயே 16 மில்லிமீட்டர்தான். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். பீரங்கிக் குண்டைத் தடுக்காது. ஆகவே எதிரியோடு நின்று மோதுவது அதன் வேலை அல்ல. படைக்கு முன்னால் போய், எதிரி எங்கே இருக்கிறான், பாலம் நிற்கிறதா தகர்ந்ததா என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு உயிரோடு திரும்புவதுதான் வேலை. கவசக் காரின் வெற்றியை அது சுட்டு வீழ்த்தியவற்றை எண்ணி அளப்பது சரியல்ல என்பது என் எண்ணம். அது கொண்டுவந்த சேதி எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதே கணக்கு.

டெய்ம்லர் 1941இல் படையில் சேர்ந்தது. உள்ளே மூன்று பேர். முன்னால் ஓட்டுநர், சுழலும் கூண்டில் வண்டித் தலைவரும் சுடுபவரும். 95 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜின் பின்பக்கம் இருந்தது. இதற்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. கவசக் கூடே வண்டியின் எலும்பு. சக்கரங்களின் சுருள்வில்கள் நேராக அதிலேயே பொருத்தப்பட்டன. நடுவிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் நான்கு தனித் தண்டுகள், இரு ஓரமாக ஓடின. வண்டியின் நடு வயிற்றில் தண்டு ஓடாததால் உயரம் குறைந்தது. எதிரியின் கண்ணுக்குத் தெரியும் பரப்பும் குறைந்தது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கியதால், ஒன்று வரப்பில் ஏறினாலும் மற்றவை தரையை விடாது.

கியர் மாற்றும் முறை இன்னும் அழகு. அடுத்து வேண்டிய கியரை நெம்புகோலால் முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிடலாம். தேவையான கணத்தில் மிதியை அழுத்தினால் போதும், கியர் விழும். முன்னோக்கி ஓடும்போது கிடைக்கும் ஐந்து வேகங்களும் பின்னோக்கி ஓடும்போதும் கிடைத்தன. பின்பக்கத்தில் இன்னொரு ஸ்டீயரிங் வேறு. குறுகிய கரைச் சாலையில் எதிரே குண்டு பாய்ந்தால் வண்டியைத் திருப்ப இடம் ஏது? வண்டித் தலைவர் அந்த இரண்டாவது ஸ்டீயரிங்கைப் பிடித்து, வந்த வழியே ஓட்டி வெளியேறலாம். வண்டியின் முழு நோக்கமும் இந்த ஒரு ஏற்பாட்டில் தெரிகிறது.

இந்தியாவிலும் கவச வண்டிகள் செய்தார்கள். கனடாவிலிருந்து ஃபோர்டு சேஸிஸ் வந்தது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை கவசத் தகடு தயாரித்தது. வீரர்கள் அந்த வண்டியை டாட்டாநகர் என்றே அழைத்தார்கள். 4,600க்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாகி, வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா வரை போயின.

பர்மாப் போரில் நம் பக்கத்து வேர் உள்ள ஒரு படைப்பிரிவும் இருந்தது. 16ஆவது லைட் கேவல்ரி ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படையில் தொடங்கி, மதராஸ் படையில் வளர்ந்தது. இப்போது அதில் தென்னிந்திய வீரர்களே சேர்கிறார்கள். குதிரையை விட்டுக் கவசக் காருக்கு மாறிய அந்தப் பிரிவு, குவெட்டாவிலிருந்து இம்பால் வரை ஏறத்தாழ 3,500 மைல் சாலையிலேயே ஓடி வந்தது. டேங்க் என்றால் அவ்வளவு தூரத்துக்கு ரயில் தேடியிருக்க வேண்டும். அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தளபதியான ஜே.என். சௌதுரி.

1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பர்மாவின் மெய்க்டிலா நகரைப் பிடித்துக் காத்த போரில் அந்தப் பிரிவு பங்கேற்றது. மாதத்தைக் கவனியுங்கள். மாசி, பங்குனி. மழை குறைந்த அந்தப் பகுதியில் நிலம் காய்ந்து இறுகியிருந்ததால், சக்கர வண்டி சாலையை விட்டு இறங்கியும் ஓட முடிந்தது. வறண்ட ஓடைகளின் மணல்தான் தொல்லை. கோடையில் காவிரி மணலில் வண்டி இறக்கியவர்களுக்கு அது புரியும். மே மாதத் தொடக்கத்தில், ரங்கூனை நெருங்கும் நேரத்தில், பருவமழை முந்திக்கொண்டது. பெகு அருகே தரைவழிப் படை சேற்றிலும் வெள்ளத்திலும் திணற, ரங்கூனில் முதலில் நுழைந்தது கடல்வழி வந்த படை.

இரண்டே ஆண்டில், மதராஸ் குதிரைப்படையில் பிறந்த இன்னொரு பிரிவான 7ஆவது லைட் கேவல்ரிக்கு முறை வந்தது. 1947 நவம்பர் 7. ஸ்ரீநகருக்கு வெளியே ஷாலடெங்கில், காஷ்மீருக்குள் ஊடுருவிய படையினர் திரண்டிருந்தார்கள். லெப்டினன்ட் டேவிட் தன் கவசக் கார்களைச் சுற்றுப்பாதையில் ஓட்டிப்போய், அவர்களுக்குப் பின்னால் தோன்றினார். பின்பக்கமிருந்து வருவதால் தங்கள் வண்டிகள்தான் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். கார்கள் சுடத் தொடங்க, முன்னாலிருந்து காலாட்படையும் பாய்ந்தது. சண்டை நீளவில்லை. மறுநாள் பாரமுல்லா மீட்கப்பட்டது.