52 வயதில் ஓய்வா? பி.எஃப். பணத்தை எடுக்கும் முன் ஒரு கணக்கு!

"போதும்ப்பா! இந்த வேலையும் வேணாம், இந்த பஸ்ஸும் வேணாம். பி.எஃப்.ல 45 லட்சம் கிடக்கு. எடுத்து பேங்க்ல போட்டுட்டு நிம்மதியா உட்கார்ந்துடறேன்."

எங்கள் மாடி வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரோடு வந்து சொன்னது இது. தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை. வயசு 52. சர்க்கரை வந்து ஆறு வருஷமாகிறது, போன வருஷத்திலிருந்து பி.பி.யும் கூட. டாக்டர், "டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் காதில் அது "வேலையை விட்டுடுங்க" என்று விழுந்திருக்கிறது!

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறதா? தப்பே இல்லை. முப்பது வருஷம் உழைத்த உடம்பு ஓய்வு கேட்பது நியாயம்தான். ஆனால் ராஜினாமா கடிதம் எழுதும் முன், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணக்குப் போடுங்கள். நாங்கள் அன்றைக்கு மளிகை நோட்டின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

அவர்கள் வீட்டுச் செலவு மாதம் 45,000 ரூபாய். சொந்த வீடு, வாடகை இல்லை. வருஷத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். பணத்துக்கு 8 சதவீதம் வட்டி வருகிறது, விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டோம். வருமான வரியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்படியும் 45 லட்சம் எத்தனை வருஷம் வருகிறது தெரியுமா? ஒன்பதே வருஷம்! அதாவது 61 வயதில் பெட்டி காலி. மாமி நோட்டைப் பிடுங்கி இரண்டு தரம் சரிபார்த்தார். விடை மாறவில்லை.

"45 லட்சத்துக்கு வட்டியே மாசம் 30,000 வருமே?" என்று கேட்டார் மனிதர். வரும். ஆனால் இன்றைக்கு 45,000 ஆகிற செலவு, 6 சதவீத விலையேற்றத்தில் 12 வருஷத்தில் 90,000 ஆகிவிடும். வட்டியோ அதே 30,000-ல் நிற்கும். நாம் பார்க்கத் தவறுவது இங்கேதான்.

"சரி, பென்ஷன் இருக்கே?" என்றார் அடுத்து. இருக்கிறது. ஆனால் எவ்வளவு? உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது அல்லவா? கம்பெனி போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. அதுவும் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான். அதாவது மாதம் 1,250 ரூபாய். நீங்கள் 80,000 வாங்கினாலும் பலருக்கு இதுதான் நிலைமை. பென்ஷன் கணக்கு இப்படி: பென்ஷனுக்குரிய சம்பளத்தை சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு வரம்பு 6,500 ரூபாய்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு எங்கள் மாடி வீட்டுக்காரருக்கு வந்த தொகை, மாதம் சுமார் 3,500 ரூபாய். அதுவும் 58 வயதில்!

பத்து வருஷ சர்வீஸ் இருந்து, வேலையையும் விட்டிருந்தால் 50 வயதிலிருந்தே பென்ஷன் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 52-ல் கேட்டால் 24 சதவீதம் போய், கைக்கு வருவது ஏறத்தாழ 2,660 ரூபாய். இந்த வெட்டு 58 வந்ததும் சரியாகிவிடாது, ஆயுசுக்கும் தொடரும். இந்தப் பென்ஷனில் பஞ்சப்படியும் கிடையாது. ஆகவே வேலையை விட்டாலும், பென்ஷன் விண்ணப்பத்தை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு 58 வரை காத்திருக்கலாம்.

இவ்வளவும் பணக்கணக்கு. இனி சொல்லப்போவதுதான் எனக்கு அதைவிடக் கவலையாக இருந்தது.

"மாமா, உங்க மெடிக்ளெய்ம் யாரோடது?" என்று கேட்டேன். "கம்பெனியோடது. அஞ்சு லட்சம், மாமிக்கும் சேர்த்து." வேலையை விட்டால் அந்தக் கார்டுக்கு மதிப்பில்லை! சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிற 52 வயசுக்காரர் புதிதாகப் பாலிசி எடுக்கப் போனால், பிரிமியம் கூடும். ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்குக் காத்திருப்புக் காலமும் போடுவார்கள். நாலு வருஷம் வரை இருந்த அந்தக் காலத்தை 2024-ல் அதிகபட்சம் மூன்று வருஷமாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் மூன்று வருஷம் லேசா? சர்க்கரைக்காரருக்கு காலில் ஒரு புண், நெஞ்சில் ஒரு அடைப்பு என்று வந்தால், பி.எஃப். பணம்தான் ஆஸ்பத்திரி பில்லுக்குப் போகும்.

அரசாங்கக் காப்பீடு? மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் 5 லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் கொண்டு வந்தார்களே, அது 70 வயது நிரம்பியவர்களுக்கு. தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. நடுத்தர வர்க்கத்து 52 வயசுக்காரர் இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறார். 18 வருஷம்!

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனியின் குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். குரூப்பில் இருந்த வருஷங்கள் காத்திருப்புக் காலத்தில் கழிந்துவிடும். ஆனால் வேலையில் இருக்கும்போதே, முடிந்தால் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். கடைசி நாள் கேக் வெட்டிவிட்டு வந்து கேட்டால் "லேட்டாயிடுச்சு சார்" என்பார்கள். வியாதியை மறைத்து மட்டும் படிவம் நிரப்பாதீர்கள், ப்ளீஸ். க்ளெய்ம் சமயத்தில் அதுதான் காலை வாரிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது ஒரு சின்ன ஆறுதல்.

அப்படியானால் 58 வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டுமா? அதுவும் வேண்டாம். 55 என்கிற வயசைப் பாருங்கள். 55-க்குப் பிறகு ஓய்வு பெற்றால் பி.எஃப். முழுவதையும் எடுக்கலாம். அதற்கு முன் சும்மா ராஜினாமா செய்தவர்களுக்கு, 75 சதவீதம் உடனே, மீதி 25 சதவீதம் ஒரு வருஷம் கழித்து என்று 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. தபாலாபீஸ் சீனியர் சிட்டிசன் சேமிப்பும் பொதுவாக 60 வயதில்தான் என்றாலும், ஓய்வு பெற்றவர்களுக்கு 55-லேயே திறந்துவிடுகிறார்கள். ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கிடைக்கும். 52 வயசுக்காரருக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது.

எங்கள் கணக்கில் 55 வரை ஓட்டினால் பி.எஃப். சுமார் 60 லட்சம் ஆகி, 65 வயது தாண்டி வருகிறது. 58 வரை ஓட்டினால் 80 லட்சம், 70 வயது வரை. அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது என்பதால் மாமியின் தையல் வருமானம், கிராஜுவிட்டி 5 லட்சம் எல்லாவற்றையும் இன்னொரு பக்கத்தில் எழுதினோம்.

உடம்பு உண்மையிலேயே முடியாமல் போனால் விஷயம் வேறு. நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாதவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் இதே திட்டத்தில் உண்டு. அதற்கு 50 வயதும் வேண்டாம், பத்து வருஷ சர்வீஸும் வேண்டாம், 4 சதவீத வெட்டும் கிடையாது. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே போதும். அதேபோல ஆபரேஷன், பெரிய வைத்தியம் என்றால் வேலையை விடாமலேயே பி.எஃப்.பில் பணம் எடுக்க வழி இருக்கிறது. வைத்தியச் செலவுக்காகவே வேலையை விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா, பழைய கம்பெனிகளின் கணக்குகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டனவா, நாமினேஷனில் மனைவி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மாடி வீட்டுக்காரர் பார்த்தார். நாமினி இடத்தில், காலமாகிப் பதினோரு வருஷமான அவருடைய அம்மாவின் பெயர் இருந்தது. மாமி ஒன்றும் பேசவில்லை, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாளே திருத்திவிட்டு, ஆபீஸில் வேறு செக்‌ஷனுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் மனிதர். 55 வரைக்கும் என்று மாமியிடம் பேச்சு!